அக்கா உயர்த்திய கை

அக்கா ஜேர்மனியிலிருந்து வந்து இறங்கிய பின்னேரம் ரொறன்ரோவின் சூரியனைக் கண் கூசாமல் நேரே பார்க்க முடிந்தது. பழுத்த தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில், ஒளியில்லாமல், அது புகைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. வடக்கே காடுகள் எரிந்துகொண்டிருந்த கோடை அது. விமான நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில் அக்கா காருக்குள் ஏறாமல் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"எங்க எரியுது?"

"வடக்கில அக்கா. கனதூரம்."

"கனதூரமெண்டால் ஏன் இஞ்ச மணக்குது?"

நான் அவளுடைய சூட்கேசைத் தூக்கினேன். அது லேசாக இருந்தது. முன்பெல்லாம் அவள் வந்தால் இரண்டு சூட்கேஸ் நிறைய சொக்லேட்டும் கோப்பியும் எங்கள் பிள்ளைகளுக்கு உடுப்புகளும் இருக்கும். கூடவே அத்தானும் வருவார். இந்த முறை அத்தான் வரவில்லை. ஏன் என்று போனில் கேட்டபோது, "அவருக்கு வேலை இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அத்தான் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போது சில வருடங்கள் ஆகிவிட்டிருந்தன.

எங்கள் வீடு ஸ்காபரோவில் ஓர் ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது. வாங்கும்போது வீட்டுத் தரகர் அதைத்தான் பெரிய சிறப்பாகச் சொன்னார். பின்னால் வேறு வீடு இல்லை, காடுதான், காலையில் மான் வரும் என்றார். மான் வந்தது உண்மைதான். பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போன பிறகு நிலத்தடித் தளமான பேஸ்மென்றை வாடகைக்கு விட்டோம். அந்த வருடம் கீழே இருந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம் தம்பதி. கணவனுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் கணினி வேலை. மனைவி வீட்டில். தவழத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை.

அவர்கள் போய்வருவதற்கு வீட்டின் பக்கவாட்டில் தனி வழி இருந்தது. நிலத்துக்குக் கீழே இறங்கும் சீமெந்துப் படிகள், அடியில் ஒரு கதவு. வீட்டுக்குள்ளிருந்து பேஸ்மென்றுக்கு இறங்க இன்னொரு படிக்கட்டும் இருந்தது. ஆனால் அதன் தலைமாட்டிலிருந்த கதவை நாங்கள் எங்கள் பக்கத்தில் பூட்டி, அதற்கு முன்னால் மீனும் இறைச்சியும் வைக்கிற பெரிய டீப் பிறீசரை நிறுத்தியிருந்தோம். இந்த ஊரில் பேஸ்மென்ற் வாடகைக்கு விடுகிற அநேகமான வீடுகளில் அப்படித்தான். அவர்களுக்கும் மறைப்பு, எங்களுக்கும் மறைப்பு.

அக்கா முதல்நாள் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறீசருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"இந்தக் கதவு எங்க போகுது?"

"கீழ. சனம் இருக்கினம். அதாலதான் பூட்டியிருக்கு."

"கீழ இருக்கிறவைக்கு வேற வழி?"

"பக்கத்தால."

"அதுவும் கீழயோ?"

"ஓம் அக்கா, பேஸ்மென்ற் எண்டால் கீழதானே."

அவள் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயணக் களைப்பு என்று நான் நினைத்தேன்.

அத்தான் அடுத்த வாரம் என்னைப் போனில் கூப்பிட்டார். நான் மார்க்கத்தில் என் அலுவலகத்துக்கு வெளியே காருக்குள் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கொக்கா எப்பிடி இருக்கிறா?" உன் அக்கா என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

"இருக்கிறா அத்தான். நீங்கள் அவவோடயே கதைக்கலாமே."

"எனக்கு அவவோட கதைக்க ஒண்டுமில்லை. ஏன் வந்தவ எண்டு சொன்னவவோ?"

"இல்லை."

"எங்கட வீட்டை உடைக்கச் சொல்லி ஊர்க் கூட்டத்தில கை தூக்கினவ. முன் வரிசையில இருந்து. எனக்குப் பக்கத்தில இருந்து."

எனக்கு விளங்கவில்லை. அவர் மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினார். அவர்களுடைய சின்ன நகரத்தில் சில வருடங்களுக்கு முன்பு பெரிய வெள்ளம் வந்ததும், அவர்கள் வீட்டின் கீழ்த்தளம் அழிந்ததும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நகரசபை புதிதாக ஒரு வரைபடம் போட்டிருந்தது. ஆற்றங்கரையில் ஒரு வரிசை வீடுகளைக் கடும் நீலத்தில் காட்டியிருந்தது. அந்த வீடுகளை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கி இடிக்கும். கரையில் எழுப்பியிருக்கும் அணையைப் பின்னுக்குத் தள்ளி, பழைய ஈரப் புல்வெளியை ஆற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். ஐரோப்பா முழுவதும் ஆறுகளையும் சதுப்புகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு சட்டம் வந்திருக்கிறது, அந்தக் கணக்கிலும் இது சேரும் என்று அதிகாரிகள் சொன்னார்களாம். அந்த வரிசையில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் சம்மதித்தால்தான் திட்டம் நகரும்.

"பிரசல்ஸில இருந்து சட்டம் போடுறவன் என்ர வீட்டைக் கண்டவனோ?" அத்தானின் குரல் உயர்ந்தது. "வலிகாமத்தில எங்கட காணியை ஆமி எடுத்தான். வேலி போட்டான். எத்தினை வருசம் கம்பிக்கு இங்கால நிண்டு பாத்தனாங்கள்? இஞ்ச வந்து ராவும் பகலும் மெசினோட நிண்டு ஒரு வீடு வாங்கினன். இப்ப அதை ஆறு கேக்குதாம். ஆமி கேக்காமல் எடுத்தான், இவங்கள் கேட்டு எடுக்கிறாங்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நாரைக்குக் காணி இருக்கு தம்பி, எனக்கு இல்லை."

அவர் தணிந்த குரலில் தொடர்ந்தார்.

"ஒருத்தரும் கை தூக்கேல்ல. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருந்தவை. கொக்கா தூக்கினா. அதுக்குப் பிறகுதான் மற்றவை தூக்கினவை."

அன்று வீட்டுக்குப் போனபோது அக்கா பின் முற்றத்து வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். அத்தான் சொன்னதைப் பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தயக்கமாக இருந்தது.

அவளாகவே சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். புகை கொஞ்சம் விலகியிருந்தது. இரண்டு பேரும் ஓடைப்பக்கம் இறங்கி நடந்தோம். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. ஆனால் கரை எங்கள் பக்கமாக அரிக்கப்பட்டிருந்தது. அயல்வீட்டு வேலிக் கம்பம் ஒன்று அடியில் மண்ணில்லாமல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. அதன் கிளைகளில் பிளாஸ்ரிக் பைகள் அக்காவின் தலைக்கும் மேலே சிக்கியிருந்தன.

"உந்தப் பை எப்பிடி அந்த உயரத்துக்குப் போனது?" என்று கேட்டாள்.

"காத்துக்குப் போயிருக்கும்."

"எல்லாம் ஒரே உயரத்திலயோ?"

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரே உயரத்தில்தான் இருந்தன. ஓடை நெடுகிலும், வெள்ளம் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனதுபோல. இருபது வருடமாக அந்தப் பாதையில் நடக்கிறேன். அந்தக் கோட்டை நான் கண்டதில்லை.

அக்கா சாய்ந்த மரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கட பக்கத்து வீட்டுக்காரரை உனக்கு ஞாபகமிருக்கோ? நீ வந்தநேரம் அப்பிள் தந்தவர்."

எனக்கு ஞாபகமிருந்தது. உயரமான, பெரிய காதுகள் உள்ள ஜேர்மன்காரர்.

"அவர் கெல்லருக்குள்ள விளையாட்டு ரெயில் வைச்சிருந்தவர்." ஜேர்மனியில் இருக்கிற எங்கள் சனங்கள் நிலவறையைக் கெல்லர் என்றுதான் சொல்வார்கள். "சின்னச் சின்னப் பாலம், ஸ்டேசன், மரம் எல்லாம் தன்ர கையால செய்தது. அந்த வருசம் கோடை முழுக்க மழை இல்லை. மண் சீமெந்து மாதிரி இறுகிப்போச்சு. பேந்து ஒரேயடியாக் கொட்டினது. மண் குடிக்கேல்ல. ஆறு அணைக்கு மேலால வந்தது. நாங்கள் மேல்மாடிக்கு ஏறினாப்பிறகு அத்தான்தான் சொன்னார், அந்த மனிசனைக் காணேல்ல எண்டு."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெயில் எஞ்சினுகளைத் தூக்கப் போயிருக்கிறார். ஜன்னலால தண்ணி வந்திட்டுது. கெல்லர்க் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. உள்ளுக்குத் தண்ணி நிண்டால் அது கதவை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். அத்தான் இடுப்பளவு தண்ணியில போய் வெளியில நிண்டு தோளால இடிச்சவர். உள்ளுக்கிருந்து அவர் தட்டினவர். அத்தான் இடிச்சவர். அவர் தட்டினவர். பேந்து அவர் தட்டேல்ல."

ஓடையில் எங்கேயோ ஒரு தவளை கத்தியது. அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோலத் தோளைத் தடவிக்கொண்டாள். அவள் அன்று போட்டிருந்தது சட்டை.

"அத்தான் அதைப்பற்றிக் கதைக்கிறேல்லை. தண்ணி வத்தின உடன பெயின்ற் வாங்கிக்கொண்டு வந்து எங்கட கெல்லருக்கு வெள்ளை அடிச்சார். பிறகும் அடிச்சார். ஒவ்வொரு வருசமும் அடிக்கிறார்."

பிறகு அவள் ஆற்றைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் நகரத்துக்கு மேலே ஓரிடத்தில் ஏற்கெனவே சின்னதாக ஒரு பகுதியில் அணையை உடைத்து ஆற்றை விட்டிருந்தார்களாம். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து அவள் அங்கே நடக்கப் போவாள். முன்பு சோளம் போட்ட நிலத்தில் இப்போது தண்ணீர் தேங்கி நிற்கும். நாணல் வளர்ந்துவிட்டது, நாரை வருகிறது, பீவர் என்ற நீர்க் கொறிவிலங்குகள் மரத்தைக் கடித்து விழுத்துகின்றன. வெள்ளத்தன்று அந்தப் பகுதியை ஒட்டிய கிராமத்துக்குள் முழங்காலளவுக்கு மேல் தண்ணீர் வரவில்லை.

"அங்க ஆறு வளைஞ்சு வளைஞ்சு, அகலமாப் போகுது. எங்கட இடத்தில ரெண்டு சுவருக்கு நடுவில ஓடுது. ஆறு ஆற வேணுமெண்டால் அதுக்கு இடம் வேணும் தம்பி. அதாலதான் கை தூக்கினன். எனக்கும் அது வீடுதான். நான் என்ன சந்தோசத்திலயோ தூக்கினன்?"

திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: "உந்த பிறீசரை வேற இடத்தில வைக்கேலாதோ?"

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஒரு பல் வைத்தியரின் நிலையத்தில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஆட்களோடு கதைத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் மறைப்பு வேண்டும். அத்தான் போனில் சொன்னதும் அவளுக்குத் தெரியும். குசினிக்குள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"பூட்டில்லாமல் எப்பிடியப்பா? நாளைக்கு வேற ஆக்கள் வந்தால்? அவ அங்க சட்டம் போட்டு வீட்டை உடைக்கக் குடுத்தது காணாதெண்டு இஞ்சயும் வந்து சட்டம் போடுறா."

அக்காவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவள் முன்னறையிலிருந்து எழுந்து வந்தாள். கோபிக்கவில்லை. "மச்சாள், நான் இருக்கும் மட்டும் எடுத்து வையுங்கோ. நான் போனாப்பிறகு திரும்ப வையுங்கோ" என்றாள்.

மனைவி திரும்பிக் கறியைக் கிண்டினாள். நானும் அக்காவுமாகப் பிறீசரைத் தள்ளிச் சுவரோடு வைத்தோம். பூட்டைக் கழற்றினேன். அக்கா கதவைத் திறந்து படியில் இறங்கி, கீழே இருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டியது எனக்குத் தெரிந்தது. பெரியவர்கள் சொன்னால் தலையாட்டிவிடுகிற சிரிப்பு.

ஜூலையில் புகை போய் வெக்கை வந்தது. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் இருக்கும் என் நண்பன் ஒருவன், வீட்டுக்குள் இருக்க முடியாமல் மனைவியோடு குளிரூட்டிய சுரங்க ரெயிலில் ஏறி அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் போய்வருவதாகச் சொன்னான். எங்கள் முற்றத்துப் புல் வைக்கோலாகியது. மண்ணில் கீறல் விழுந்தது. அக்கா ஒருநாள் குனிந்து அந்தக் கீறலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அதன் பிறகு அவள் தன் பாஸ்போட்டையும் மருந்துகளையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருந்ததைக் கண்டேன்.

மழை ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. நான் அன்று மேல் அறையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். முதலில் நல்லதென்றே நினைத்தேன். ஜன்னலைத் திறந்து மண் வாசத்தைக்கூட முகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீடு தெரியவில்லை. கைபேசி அலறியது. அரசாங்க எச்சரிக்கை வரும்போது எழும் அந்தக் கரடுமுரடான சத்தம். கீழே இறங்கி வந்தேன். அக்கா உள்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, மேல வா."

கீழேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது: "பாப்பா இப்பத்தான் தூங்குச்சுக்கா. எந்திரிச்சதும் வர்றேன்."

"நித்திரையோட தூக்கிக்கொண்டு வா. இப்ப வா."

"கதவுகிட்ட துணி போட்டிருக்கேன்க்கா, கொஞ்சமாத்தான் வருது."

நான் பக்கவாட்டு ஜன்னலால் பார்த்தேன். முற்றத்துத் தண்ணீர் முழுவதும் அந்தச் சீமெந்துப் படிகளில் அருவிபோல இறங்கிக்கொண்டிருந்தது. படிகள் தெரியவில்லை. கதவின் கைபிடி வரைக்கும் பழுப்புத் தண்ணீர் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கத்தில் அவள் துணி போட்டு ஒற்றிக்கொண்டிருக்கிறாள்.

நான் கத்தியிருக்க வேண்டும். என்ன கத்தினேன் என்று தெரியாது. அக்கா எனக்கு முன்னால் படியால் இறங்கினாள். நானும் இறங்கினேன். அந்தப் பெண் கதவடியில் குந்தியிருந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கட்டிலிலிருந்து குழந்தையைப் போர்வையோடு தூக்கினேன். குளியலறைத் தரையிலிருந்த நீர்த்துளை கொப்புளித்துக்கொண்டிருந்தது. கறுப்பாக, நாற்றத்தோடு, மூச்சுவிடுவதுபோல. நாங்கள் மேல்படிக்கு வந்த சற்று நேரத்தில் கீழே ஒரு லொறி மோதியதுபோலச் சத்தம் கேட்டது. வெளிக்கதவு நிலையோடு பிய்ந்து உள்ளே விழுந்துவிட்டது.

தண்ணீர் வந்த வேகத்தை நான் படியில் நின்று பார்த்தேன். அது ஓடி வரவில்லை. எழும்பி வந்தது. கதிரைகள் நகர்ந்தன. குழந்தையின் பொம்மைகள் மிதந்து ஒரு மூலைக்குப் போய்ச் சுற்றின. அந்தப் பெண், குழந்தையை என்னிடமிருந்து வாங்கி அணைத்தாள், உடனே திரும்ப என் கையில் தந்துவிட்டுப் படியில் இறங்கினாள்.

"பாஸ்போர்ட் எல்லாம் கட்டிலுக்கு அடியில இருக்கு. விசா பேப்பர் இருக்கு. ஒரே நிமிஷம்க்கா."

அக்கா அவளுக்கு முன்னால் போய்ப் படியின் இரு பக்கச் சுவரிலும் கைகளை ஊன்றி மறித்து நின்றாள். அக்கா சின்ன உருவம். அந்தப் பெண் அவளைத் தள்ளிப் பார்த்தாள். அக்கா அசையவில்லை.

"விடுங்கக்கா, இடுப்பளவு கூட இல்ல!"

"அவரும் ஒரு சாமானை எடுக்கத்தான் போனவர்" என்றாள் அக்கா. யாரைச் சொல்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் குரலில் இருந்தது அவளுக்கு விளங்கியது. படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். கீழே விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்தன. இருட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டி சாய்ந்து விழுகிற சத்தம். பிறகு அது மிதந்து வந்து சுவரில் முட்டியது. விலகியது. மறுபடி முட்டியது. அந்தச் சத்தத்துக்கு அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

மழை மதியம் நின்றுவிட்டது. வெயில்கூட எறித்தது. அந்தப் பெண்ணின் கணவன் காரை எங்கோ விட்டுவிட்டு நனைந்து நடந்து வந்தான். குழந்தையைக் கண்டதும் வாசலிலேயே நிலத்தில் உட்கார்ந்தான். என் மனைவி வர மாலையாகிவிட்டது. குழந்தை எங்கள் கட்டிலில் படுத்திருந்தது. பக்கத்தில் அக்கா இருந்தாள். மனைவி கதவடியில் நின்று பார்த்தாள். திறந்திருந்த உள்கதவைப் பார்த்தாள். குசினிக்குப் போய்ச் சோறு வைத்தாள். முதல் சோற்றுக் கோப்பையை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்தாள்.

அடுத்த நாட்களில் எங்கள் தெரு முழுவதும் வீட்டுக்கு முன்னால் கம்பளங்களும் மெத்தைகளும் குவிந்து நாறின. அந்தத் தம்பதி ஒஷாவாவில் ஓர் அடுக்குமாடிக்குப் போனார்கள். எத்தனையாம் மாடி என்றுதான் முதலில் பார்த்தோம் என்று அவன் போனில் சொன்னான். காப்புறுதிக்காரர் வந்து படமெடுத்துக்கொண்டு போனார். இந்த முறை தருவோம், இனிமேல் இந்த வீட்டுக்கு நிலத்தடி வெள்ளத்துக்குக் காப்புறுதி இல்லை என்று பிறகு அறிவித்தார்கள்.

நகரசபை ஒரு பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தது. அக்காவும் என்னோடு வந்தாள். திரையில் எங்கள் ஓடையின் வரைபடம். எங்கள் தெருவின் ஒரு பக்கம் கடும் நீலத்தில் இருந்தது.

"நிறம்கூட அதே நிறம்" என்றாள் அக்கா என் காதுக்குள்.

கரையைப் பலப்படுத்தும் திட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் வேறு ஓடைகள் வரிசையில் இருக்கின்றன என்று ஓர் அதிகாரி சொன்னார். தண்ணீர் தேங்க இடம் விடவேண்டும், முற்றங்களுக்குச் சீமெந்து போடக் கூடாது, பள்ளத்தில் நாட்டு மரங்களை நடவேண்டும் என்று ஓர் இளம் பெண் சொன்னாள். அவள் கதைக்கும்போது பலர் கைபேசியைப் பார்த்தார்கள். கேள்வி நேரத்தில் எழும்பியவர்களில் அநேகமானோர் ஒன்றைத்தான் கேட்டார்கள்: இந்த வரைபடத்தை இணையத்தில் போட்டால் எங்கள் வீட்டு விலை என்னாகும்? ஒருவர் அதை எடுத்துவிடச் சொன்னார். அவருக்குக் கைதட்டல் கிடைத்தது.

"இஞ்ச கை தூக்கச் சொல்லிக் கேக்க மாட்டினமோ?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லை அக்கா. கருத்துச் சொல்லலாம்."

"அப்ப ஆர் முடிவெடுக்கிறது?"

நான் திரையிலிருந்த நீலத்துக்குள் எங்கள் வீட்டைத் தேடினேன்.

அந்த வாரம் அத்தானைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, பேஸ்மென்றின் படங்களை அனுப்பினேன்.

"அந்தக் குழந்தைக்கு ஒண்டுமில்லையே?"

"இல்லை அத்தான். கதவு திறந்திருந்தது. அக்காதான் திறப்பிச்சவ."

"ஒரு விசயம். கொக்காவிட்டச் சொல்லு. திட்டத்தை நிப்பாட்டிப் போட்டாங்கள்" என்றார்.

நகரசபைக்குத் தேர்தல் நடந்து புதியவர்கள் வந்திருந்தார்கள். விவசாயிகள் திட்டத்தை எதிர்த்து உழவு இயந்திரங்களைக் கொண்டுவந்து மண்டபத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து வரவேண்டிய பணமும் வரவில்லை. திட்டம் மறுபரிசீலனைக்குப் போய்விட்டது. அணையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் போதும் என்கிறார்களாம். அந்த வரிசையில் வெறுமையாகக் கிடந்த ஒரு காணிக்குப் புதிய வீடு கட்ட அனுமதிகூடக் கொடுத்தாயிற்று.

"அப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே அத்தான்?"

"ஓம்" என்றார். அந்த ஓமில் சந்தோசம் இருக்கவில்லை. "வீடு நிக்குது. நான் கெல்லருக்குத் தட்டு அடிக்கிறன். சாமான் வைக்க."

நான் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசி வெங்காயம்வரை உரித்து முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, விமான ரிக்கெற் பார்க்கச் சொன்னாள்.

"ஏன் அக்கா? அந்த வீட்டுக்கோ திரும்பிப் போறாய்? இஞ்சயே இரன் இன்னும் கொஞ்ச நாள்."

"இருக்கேலாது."

"ஒரு ஆபத்தெண்டு நீதானே கை தூக்கினனீ?"

"ஓம். ஆபத்துத்தான். அதாலதான் போறன். மழை பெய்தால் அவர் கெல்லருக்குள்ள இறங்குவார். எனக்குத் தெரியும். தட்டு அடிக்கிறன் எண்டு சொல்லுறார் பார். ஆரும் படியில நிண்டு மறிக்க வேணும்."

விமான நிலையத்தில் அவளை இறக்கிவிட்ட அன்று வானம் தெளிவாக இருந்தது. உள்ளே போகுமுன் என் மனைவியின் கையைப் பிடித்து, பிறீசரைப் பழைய இடத்தில் வைக்கலாம் என்று சொன்னாள். மனைவி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அது நடந்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. அக்கா ஞாயிறுகளில் கூப்பிடுவாள். முதலில் அத்தான் கதைக்காமல் இருந்தார், இப்போது கதைக்கிறார், சாப்பாட்டுக்கு உப்புக் காணாது என்கிற அளவுக்கு. நாரைகள் மேல்பக்கத்துப் புல்வெளிக்கு வந்துவிட்டனவாம். அணையை உயர்த்த லொறிகளில் மண் வருகிறதாம். அங்கே மழை என்றால் அவள் குறுஞ்செய்தி அனுப்புவாள், "மழை" என்று மட்டும். நான் வேலையில் இருந்தால்கூட அடுத்த செய்தி வரும்வரை வேறெதுவும் ஓடாது.

எங்கள் பேஸ்மென்றைத் திருத்திவிட்டோம். வாடகைக்கு விடவில்லை. விடாமல் எத்தனை காலம் இருக்க முடியும் என்று நானும் மனைவியும் கதைத்துக்கொள்வதில்லை.

போன கிழமை எதிர்வீட்டில் ஒரு சின்ன மண்வெட்டும் இயந்திரம் வந்து நின்றது. அந்த வீட்டைப் புதிதாக வாங்கியவர் எங்கள் ஆள், பருத்தித்துறைப் பக்கம். வயதில் என்னைவிட இளையவர். வேலியோரமாக நிலத்தைத் தோண்டிப் படி இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, பேஸ்மென்ற் போடுறன். சனம் வாடகைக்கு இடமில்லாமல் திரியுது. ஒண்டு கேக்கவேணும், இந்தப் பக்கம் தண்ணி வாறதோ?"

"ஓம்" என்றேன். "வந்தது. கதவை உடைச்சுக்கொண்டு வந்தது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வீட்டைப் பார்த்தார். புதுப் பெயின்ற், புதுப் புல், பக்கவாட்டில் புதுக் கதவு.

"இப்ப எல்லா இடமும்தானே அண்ணை" என்று சிரித்தார். "வந்தால் பாப்பம்."

நான் இன்னும் சொல்ல வாயெடுத்தேன். இயந்திரம் உறுமத் தொடங்கிவிட்டது. அவர் கையைக் காட்டிவிட்டுக் குழிக்குப் பக்கத்தில் போய் நின்று, இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக என்று கையால் காட்டினார்.